குழாய் மாற்றிய அன்று குளத்தூர்க்காரர் வந்தார்

1

நான் இருப்பது கனடாவில், டொரண்டோவுக்கு வெளியே, மகன் ஜெபராஜின் வீட்டில். பிறந்தது கேரள எல்லையில், பாறசாலைக்குக் கிழக்கே. வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் ஊரிலிருந்து வரும் இந்தப் பத்திரிகையில் பனியைப் பற்றி எழுதுகிறார்கள், அருவியைப் பற்றி எழுதுகிறார்கள். நான் கக்கூசைப் பற்றி எழுதப் போகிறேன். முகம் சுளிக்கிறவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம்.

பனி உருகுகிற காலத்தில் எங்கள் கீழ்வீட்டுக் கக்கூஸ் ஆட ஆரம்பித்தது. உட்கார்ந்தால் வள்ளத்தில் உட்கார்ந்ததுபோல ஒரு பக்கம் சாயும். நான்தான் முதலில் கண்டேன்; அதை அதிகம் உபயோகிப்பவள் நான்தான். சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். பிறகு தரைக்குக் கீழே இருக்கும் நிலவறையின் கூரையில், தேயிலை வெள்ளம் கொட்டியதுபோல ஒரு கறை விழுந்தது. பேத்தி ஷைனி அதைப் பார்த்து மூக்கைப் பிடித்துக்கொண்டு என்னவோ ஆங்கிலத்தில் சொன்னாள். அவள் என்னிடம் பேசுவதே குறைவு. காலையில் "பை அம்மச்சி", சாயங்காலம் "ஹாய் அம்மச்சி". இடைப்பட்ட நேரத்தில் நானும் வீடும்.

குழாய் வேலைக்கு வந்தவர் சிவா என்கிற யாழ்ப்பாணத்துப் பையன். பையன் என்றால் நாற்பது வயது இருக்கும். குளோசெட்டைக் கழற்றித் தூக்கிக் குளிமுறியில் ஓரமாக வைத்தார். தரையில் ஒரு கறுத்த ஓட்டை. அதன் வாயில் துரு தின்ற ஒரு இரும்பு வளையம். அந்த வளையத்தில்தான் குளோசெட்டைத் தரையோடு போல்ட் போட்டு நிறுத்துவார்களாம். பிளேஞ்ச் என்று பெயர். சிவா விரலால் தொட்டார், அப்பளம்போல ஒரு துண்டு உடைந்து வந்தது.

"அம்மா, இது முழுக்க உக்கிப் போச்சு. கீழ இருக்கிற இரும்புக் குழாயும் அடிப்பக்கத்தால வெடிச்சிருக்கு. வெட்டி எடுத்துப் புதுசு போட வேணும். அதுவரைக்கும் மேல் மாடிக் கொமட்டையும் பாவிக்கக் கூடாது. எல்லாம் இந்தக் குழாயாலதான் இறங்குது. ஒரு சொட்டுத் தண்ணியும் ஊத்தாதேங்கோ. ஊத்தினா என்ர தலையிலதான் விழும்."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. தலையில் விழுவது என்றால் எனக்கு வேறு ஞாபகம்.

2

இங்குள்ள தமிழ்ச் சங்கம் வருடத்துக்கு ஒரு நாள், திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்க நடந்த நம் எல்லைப் போராட்டத்தை நினைத்துக் கூட்டம் போடுகிறது. ஜெபராஜ் அதற்குச் செயலாளர். போன வருடம் ஓடி வந்தான்.

"அம்மா, ஒரு ஆளு கிடைச்சாச்சு. போராட்டத்துல லாக்கப்புல கிடந்த ஆளாக்கும். குளத்தூர்க்காரரு. மவளுக்க வீட்டுல வந்து தங்கியிருக்காரு."

நான் வழக்கம்போலக் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். எந்தக் கூட்டத்திலும் எனக்கு அதுதான் இடம். குளத்தூர்க்காரர் கம்பளிச் சட்டையும் வேட்டியுமாக மேடை ஏறினார். எழுபதைத் தாண்டியும் நடையில் ஒரு குறையும் இல்லை. மைக்கைப் பிடித்துச் சொன்னார்:

"போலீசு ஜீப்பு வரும்போ கோயிலுல சாவு மணி அடிச்சு நம்ம ஆளுவள தப்ப விட்டது நானாக்கும். போலீசுகாரனுவ என்னைப் பிடிச்சினும். விடியக்காலத்த கக்கூசு வாளிய என் தலையில தூக்கி வச்சு சந்தை வழியா நடத்தினும். ஒழுகி ஒழுகி மூஞ்சியில வரும். நான் அழல்ல. தமிழுக்காட்டு சுமக்கேன், இருக்கட்டும்னு நினைச்சேன்."

சபை எழுந்து நின்று கை தட்டியது. பொன்னாடை போட்டார்கள். ஜெபராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அவர் சொன்னது அத்தனையும் நடந்தது. ஆனால் அவருக்கு நடக்கவில்லை. என் அப்பாவுக்கு நடந்தது. அவரைப் பிடித்துக் கொடுத்ததே இந்தக் குளத்தூர்க்காரர்தான்; மேடைக்கு அழைத்தபோது சொன்ன வீட்டுப் பேரைக் கேட்டே ஆளைத் தெரிந்துகொண்டேன்.

அன்று நான் வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்தும் சொல்லவில்லை. அந்தக் காரியத்தை வீட்டில் யாரும் பேசக்கூடாது என்று அப்பா சாகும்வரை வைத்திருந்தார். அதை மீறி எனக்குப் பழக்கம் இல்லை. ஆனால் அந்த வருடம் முழுவதும் பாத்திரம் கழுவும்போதும், துணி மடிக்கும்போதும், குளத்தூர்க்காரரின் முகத்தை மனதில் வைத்து என்னென்னவோ செய்து பார்த்தேன். ஜெபம் பண்ணினால் மனதில் உள்ள வன்மம் போகும் என்பார்கள். நான் அதற்கு ஜெபம் பண்ணவில்லை. போய்விடுமோ என்று பயந்தேன்.

3

அப்பா கோயில்குட்டி. சபையில் மணி அடித்து, விளக்குத் துடைத்து, திருவிருந்துப் பாத்திரம் கழுவி வைக்கிற வேலை. ஆராதனைக்கு என்றால் மணி விடாமல் அடிக்கும். சாவுக்கு என்றால் ஒன்று அடித்து, ஓசை அடங்கும்வரை பொறுத்து, அடுத்தது. மணியைக் கேட்டால் வயலில் நிற்பவனும் கடையில் நிற்பவனும் வேலையைப் போட்டுவிட்டு, யார் போனது என்று கேட்டு வருவது நம் வழக்கம்.

போராட்டக் காலத்தில் எங்கள் பக்கத்து ஆட்கள் கோயில் வளவில்தான் கூடுவார்கள். நெய்யாற்றின்கரை வரைக்கும் தமிழோடு சேரும் என்று நம்பியிருந்த காலம். ஜீப்பு வருவது கோயில் மேட்டிலிருந்து தெரியும். அப்பா சாவு மணி அடிப்பார். அடித்தால் ஆட்கள் கலைந்து சாவு வீட்டுக்குப் போகிறவர்களைப்போல நடந்து போய்விடுவார்கள். போலீஸ்காரர்கள் சாவுக்குப் போகிறவர்களைத் தடுக்க மாட்டார்கள். அந்த மரியாதை அவர்களுக்கும் இருந்தது, அதை மறைக்கக் கூடாது. ஒரு கிழவி மாத்திரம் விவரம் தெரியாமல் மாரில் அடித்துக்கொண்டு ஓடி வருவாள். "ஆரு போனது? ஒருத்தரும் போவல்லியா? பின்ன எதுக்கு எலே என்னை இப்பிடி ஓடவிட்டது?" என்று அப்பாவைத் திட்டிவிட்டுப் போவாள். அடுத்த முறையும் ஓடி வருவாள்.

அன்று நான் மணிக்கூண்டுக்குக் கீழே நின்றிருந்தேன். எனக்கு ஒன்பது வயது. ஜீப்பிலிருந்து இன்ஸ்பெக்டர் இறங்கினார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, யார் இறந்தது என்று மலையாளத்தில் கேட்டார். கேட்டது கோயில் சுவரோரம் நின்ற ஒருவனிடம். குளத்தூரிலிருந்து வந்து, கோயிலுக்கு அடுத்திருந்த மாமி வீட்டில் தங்கி, தனுவச்சபுரத்தில் படித்துக்கொண்டிருந்தவன். பதினேழு வயது இருக்கும். அவனை யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் கையைக் கட்டிக்கொண்டு சொன்னான்: "ஆரும் மரிச்சில்ல சாறே. ஜீப்பு வரும்போ அடிக்குந்ந மணியா."

இன்ஸ்பெக்டர் தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

அப்போது ஒரு பழைய கிடங்கில் போலீசுக்காக முகாம் போட்டிருந்தார்கள். அங்கே அப்பாவை வைத்து என்ன செய்தார்கள் என்பதைத்தான் குளத்தூர்க்காரர் மேடையில் சொன்னார். சந்தையில் நின்றவர்கள் பார்த்தார்கள். அம்மா பார்த்தாள். அந்த வேலையைத் தினமும் செய்து பிழைத்தவர்களும் அன்று உண்டு. அவர்களுக்கு யாரும் பொன்னாடை போட்டதில்லை. அதுவும் எனக்குத் தெரியும்.

அப்பா திரும்பி வந்த பிறகு சபைக் கமிட்டியார் வந்து, கொஞ்ச நாளைக்கு ஓய்வு எடுத்துக்கொள்ளும் என்று மெதுவாகச் சொன்னார்கள். திருவிருந்துப் பாத்திரத்தை அந்தக் கை தொடுவது ஆட்களுக்கு அருவருப்பாம். போராட்டத்தில் நின்றவர்களும் அந்தக் கமிட்டியில் இருந்தார்கள். ஓய்வு முடியவே இல்லை. அப்பா கிணற்றடியில் சாம்பலும் மணலும் போட்டுக் கையைத் தேய்ப்பார், தோல் உரிகிறவரை. உள்ளே வந்து சாப்பிட மாட்டார். பின்வாசலில் இலையைப் போட்டு உட்காருவார். என்னைத் தூக்குவதையும் நிறுத்திவிட்டார். விளவங்கோடு வரைக்கும் தமிழ்நாட்டுப் பக்கம் போனது, நாங்கள் கேரளப் பக்கம் நின்றோம் என்று செய்தி வந்தபோது அவர், "எந்தப் பக்கம் போனா என்ன" என்றார். அவ்வளவுதான்.

4

எனக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆனபோது இங்கே ஆஸ்பத்திரியில் ஒரு கூத்து நடந்தது. பிறந்த இடம் கேரளா என்று கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதனால் மலையாளம் பேசும் பெண்ணை மொழிபெயர்க்க அனுப்பினார்கள். எங்கே வலி என்று கேட்டாள். மலையாளம் எனக்கு நன்றாகவே வரும். ஆனால் வலியில் தமிழ்தான் வந்தது. நோயாளிக்குக் குழப்பம் இருக்கிறது என்று அவள் சொல்லிவிட்டாள். உடனே ஒரு டாக்டர் வந்து, இன்று என்ன கிழமை, இது எந்த நாடு என்று என் புத்தியைச் சோதித்தார். எல்லாம் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு கசேரி, அதாவது நாற்காலி, தந்தார்கள். நடுவில் ஓட்டை, அடியில் மூடியுள்ள வாளி. கக்கூசுக்கு நடக்க முடியாதவர்களுக்கு. நான் நடக்க ஆரம்பித்த பிறகு அதை மடக்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தேன்.

சிவா நிலவறையில் குழாய் வெட்டிக்கொண்டிருந்த அதே நாளில் ஜெபராஜ் குளத்தூர்க்காரரை வீட்டுக்கு அழைத்து வந்தான். சனிக்கிழமை கூட்டம். இந்த வருடமும் அவர்தான் பேசப்போகிறார். அவருடைய மகள் வேலைக்குப் போகும் வழியில் இறக்கிவிட்டுப் போனாள். ஜெபராஜ் அவருக்குச் சாயா கொடுக்கச் சொல்லிவிட்டு, ஒலிபெருக்கி எடுக்கக் காரில் போய்விட்டான். வீட்டில் நான், குளத்தூர்க்காரர். கீழே வாள் சத்தம்.

நான் சாயா கொடுத்தேன். ஒன்று முடிந்ததும் இன்னொன்றும் கொடுத்தேன். அதை வேண்டுமென்றுதான் கொடுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவர் எழுந்தார். "மக்கா, பாத்ரூமு எங்க?"

"பொளிச்சுப் போட்டிருக்கு அண்ணே."

"மேல?"

"மேலயும் போவப்பிடாது. குழாயை அறுத்துப் போட்டிருக்காரு. ஊத்தினா கீழ நிக்கிய ஆளுக்க தலையில விழும்."

"ஐயோ. எனக்கு சுகரு உண்டு மக்கா, அடக்க ஒக்காது. அதும் ஒண்ணுக்கு மட்டும் இல்ல." சன்னல் வழியாகத் தோட்டத்தைப் பார்த்தார். "பொறத்த போனா?"

"அடுத்த வீட்டு வெள்ளைக்கார மதாம்மை எப்பவும் சன்னலுலதான் நிப்பா. போலீசக் கூப்பிடுவா."

போலீஸ் என்றதும் திரும்பி வந்து உட்கார்ந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

முன்பின் தெரியாத ஆணிடம் நான் நின்று பேசியதே குறைவு. முந்தானையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "எனக்க கிட்ட ஒரு கசேரி உண்டு. ஆசுபத்திரியில தந்தது. தாறேன். அதுக்கு மின்ன ஒரு காரியம் கேக்கணும்."

"கேளு மக்கா, வேகம் கேளு."

"சாவு மணி அடிச்ச கோயில்குட்டிக்க பேரு என்ன?"

அவர் வயிற்றிலிருந்து கையை எடுத்தார். "எந்தக் கோயில்குட்டி? மணி அடிச்சது நானில்லியா?"

"அப்ப இருந்துக்கிடுங்க" என்று நான் அடுக்களைக்குத் திரும்பினேன்.

"மக்கா! நில்லு, நில்லு. மாசிலாமணி. மாசிலாமணின்னாக்கும் பேரு." என் முகத்தை அப்போதுதான் பார்த்தார். "நீ ஆருக்க மவ?"

"அவருக்க மவ. மணிக்கூண்டுக்க கீழ நிண்ணேன். ஆரும் மரிச்சில்ல சாறேன்னு நீரு சொன்னதை இந்தக் காதால கேட்டேன்."

கீழே வாள் நின்றது. சிவா எதையோ சுத்தியலால் தட்டினார்.

"சின்ன வயசு பிள்ளே. போலீசைக் கண்டா பேடி, பயம். வாயில வந்துபோட்டு."

"பேடிச்சது இருக்கட்டும். எங்கப்பா சுமந்ததை எடுத்து நீரு சுமந்ததாட்டு ஏன் சொன்னீரு?"

நெற்றியில் வியர்வை. கால்களை நெருக்கி வைத்துக்கொண்டார். "சத்தியமாட்டு சொல்லுதேன். உனக்க மவன் வந்து, போராட்டத்தைப் பத்தி வல்லதும் தெரியுமான்னு கேட்டான். தெரியும்னு சொன்னேன். நீங்க அதுல உண்டான்னு கேட்டான். உண்டுன்னு வாயில வந்துபோட்டு. மேடையில ஒருக்கா சொன்னேன், எல்லாரும் எழும்பி நிண்ணு கை தட்டினும். மவ என்னைக் கெட்டிப்பிடிச்சு அழுதா. அவ என்னை அப்பிடிப் பிடிச்சதே கிடையாது. பின்ன எப்பிடி மாத்த? மக்கா, கசேரி எங்க? கர்த்தரை நினைச்சு தா."

இன்னும் கொஞ்சம் நிறுத்தியிருப்பேன். ஆனால் அது ஜெபராஜ் வாங்கிய சோபா. என் முறிக்குள் கசேரியை விரித்துப் போட்டு, அவரை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினேன்.

அவர் உள்ளே இருந்தபோது சிவா படியேறிப் பாதி வந்து குரல் கொடுத்தார். "அம்மா, புதுக் குழாய் பூட்டியாச்சு. பழைய இரும்புக்கும் இதுக்கும் நடுவில ரப்பர் போட்டு இறுக்கிட்டன், ஒழுகாது. இனி மேல் மாடியைப் பாவிக்கலாம். கீழ புது பிளேஞ்சைப் பூட்டிக் கொமட்டை வைக்கிறது மட்டும்தான் மிச்சம்."

"சரி மக்கா" என்றேன், மெதுவாக.

குளத்தூர்க்காரர் கதவைத் திறந்து வந்தார். முகம் தெளிந்திருந்தது. நேரே வாசல்பக்கம் நடந்தார்.

"வாளி?" என்றேன்.

"என்ன மக்கா?"

"வாளியை எடுத்துக்கிடும். எனக்கு இடுப்பு ஆபரேசன் கழிஞ்சது, தூக்கப்பிடாது. அங்ஙன வேலிக்க பக்கம் குழி உண்டு, இலை மக்கப் போடியது. அதுல கொட்டணும்."

"நானா?"

"பின்ன ஆரு? மேடையில சொன்ன ஆளில்லியா?"

என்னைப் பார்த்தார். கீழே வேலையாள், ஜெபராஜ் எந்த நேரமும் வருவான். அவர் வாளியை எடுத்தார். மூடியைத் தேடினார். மூடி என் கையில் இருந்தது. நான் கொடுக்கவில்லை.

அடுக்களை சன்னலில் நின்று பார்த்தேன். பனி உருகிய சேற்றில், ஜெபராஜின் பெரிய செருப்பைப் போட்டுக்கொண்டு, வாளியை உடம்புக்குத் தள்ளிப் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார். தோட்டம் நீளமானது. பாதியில் மறு கைக்கு மாற்றினார். அடுத்த வீட்டு மதாம்மை சன்னலுக்கு வந்து நின்று பார்த்தாள். எனக்கு உள்ளே குளிர்ந்தது. பாவம் என்று தோன்றும் என்று எதிர்பார்த்தேன். தோன்றவில்லை.

திரும்பி வந்து சோப்பு கேட்டார். கொடுத்தேன். தண்ணீர் படும் சத்தம் கேட்டது, நின்றது. அவ்வளவுதான், கை சுத்தமாகிவிட்டது.

"சனியாழ்ச்ச நான் பேசல்ல" என்றார். "சொகமில்லைன்னு சொல்லுதேன். போருமா? பேரு மட்டும் வெளிய வரப்பிடாது பிள்ளே. மவளுக்கு இங்க ஒரு மதிப்பு உண்டு."

நான் வாளியின் மூடியைக் கழுவ எடுத்தேன்.

"நீ சொல்லமாட்ட. உன்னைக் கண்டாலே தெரியும், வாய் இல்லாத பிள்ளை" என்று அவரே முடித்துக்கொண்டார். "கர்த்தர் ஆசீர்வதிப்பாரு."

5

சனிக்கிழமை அவர் வரவில்லை. ஐயாவுக்கு உடல்நலமில்லை என்று அறிவித்து, எல்லோரும் ஒரு நிமிடம் எழுந்து நின்று அவருக்காக வேண்டிக்கொண்டார்கள். நானும் எழ வேண்டியதாயிற்று. காரியம் முடிந்தது என்று நினைத்தேன். அப்போது ஜெபராஜ் மைக்கைப் பிடித்தான்.

"ஐயா வராவிட்டாலும் அவருடைய தியாகத்தை நம் பிள்ளைகள் கேட்க வேண்டும். போன வருடம் அவர் சொன்னதை நான் சொல்கிறேன்" என்றான்.

மணி அடித்ததைச் சொன்னான். முகாமைச் சொன்னான். வாளியைச் சொன்னான், ஒழுகியதைச் சொன்னான். தன் தாத்தா சுமந்ததை வேறொருவர் பேரில், என் வயிற்றில் பிறந்தவன், ஊருக்கு முன்னால் அழுதுகொண்டு சொன்னான். எல்லோரும் கை தட்டினார்கள். ஷைனிகூட போனை வைத்துவிட்டுத் தட்டினாள்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் அவனிடம் சொன்னேன். அப்பா விதித்ததை அன்றுதான் மீறினேன். அவன் சோபாவில் உட்கார்ந்தான். என் கையைப் பிடிப்பான் என்று நினைத்தேன்.

"அம்மா, இதை இப்ப வெளிய சொன்னா சங்கத்துக்க மானம் போவும். ரெண்டு வருசமாட்டு நாமதான அவரைத் தூக்கிக்கொண்டு நடந்தது? நீங்க அப்ப சின்னப் பிள்ளை. ஆரு சொன்னா, என்ன சொன்னான்னு தெளிவு என்ன உண்டு?"

"நான் கேட்டேன் மக்கா."

"சரி. ஆனா ஆளு வயசானவரு. விட்டுருங்க. தாத்தா பெரிய மனுசரு, நமக்குத் தெரிஞ்சா போராதா?"

போராது. அப்பா பின்வாசலில் இலை போட்டுச் சாப்பிட்டது நமக்கு மட்டும் தெரிந்தால் போராது.

6

கக்கூஸ் இப்போது ஆடவில்லை. புது வளையத்தில் சிக்கென்று நிற்கிறது. நிலவறைக் கூரைக்கு வெள்ளை அடித்துவிட்டார்கள்.

மேடையில் ஏறினால் எனக்கு நாக்கு எழாது, அது எல்லோருக்கும் தெரியும். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

சாவு மணி அடித்து ஆட்களைத் தப்பவிட்டவர் கோயில்குட்டி மாசிலாமணி. வாளி சுமந்தவர் அவர். அவரை மணியை விட்டு விலக்கிய கமிட்டியாரின் பிள்ளைகள் இப்போதும் அந்தச் சபையில் உண்டு, வாசித்துக்கொள்ளட்டும். அவரைக் காட்டிக் கொடுத்து, பிறகு அவர் பட்டதையும் எடுத்துத் தன் தோளில் பொன்னாடையாகப் போட்டுக்கொண்டவர் குளத்தூர் கிழக்கேவிளை வீட்டு தாசையன்.

இது உங்கள் கைக்கு வரும்போது அவர் ஊர் திரும்பியிருப்பார். ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் உட்காருவார். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, வாளி எவ்வளவு கனம் என்று கேளுங்கள். அதற்கு இப்போது அவருக்குப் பதில் தெரியும்.